பிக்கப்பில் வெல்டிங் வைக்க வேண்டும், பேட்டரியைக் கழற்றினால் மட்டும் போதுமா?

பிறை_தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே. என் டீசல் பிக்கப்பில் பின் பம்பர் பிராக்கெட் சேசிஸோடு சேரும் இடத்தில் வெல்டிங் விட்டுவிட்டது. பக்கத்துப் பட்டறையில் காட்டினால், சின்ன வேலைதான், பேட்டரியைக் கழற்றவே வேண்டாம் என்கிறார்கள். ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் உள்ள வண்டி, என் பிழைப்பே இதை வைத்துத்தான். நெகட்டிவ் மட்டும் கழற்றினால் போதுமா?

பட்டர்வொர்த்_வயரிங்:
தம்பி, கழற்றாமல் வெல்டிங் வைக்க விடவே விடாதீர்கள். சாவியை எடுத்துவிட்டு முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ். இரண்டு முனையையும் துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். ஏர்பேக் யூனிட்டின் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கும், ஒரு 10 நிமிடமாவது பொறுத்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் பேட்டரியைக் கழற்றியதும் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள், எர்த் கிளாம்ப் (வெல்டிங் மெஷினுக்கு மின்சாரம் திரும்பும் வயரின் கவ்வி) எங்கே மாட்டியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை. மெஷினிலிருந்து வரும் 100 ஆம்பியர் எப்படியாவது கிளாம்ப்புக்குத் திரும்பியாக வேண்டும். ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எர்த் வயர், இன்ஜின் எர்த் வயர் எல்லாம் அதே பாடியிலும் சேசிஸிலும்தான் போல்ட் போட்டிருக்கின்றன, பேட்டரி இல்லாவிட்டாலும் அந்த இணைப்பு அப்படியேதான் இருக்கும். கிளாம்ப்பை முன்னால் எங்கோ மாட்டிவிட்டுப் பின்னால் வெல்டிங் வைத்தால், இடையில் துருப்பிடித்த இணைப்பு இருந்தால், மின்சாரத்தில் ஒரு பங்கு மெல்லிய வயர் வழியாகவோ வீல் பேரிங் வழியாகவோ போய்விடும். பேரிங்கில் குழி விழுந்தால் உடனே தெரியாது, பிறகு ஓட்டும்போது இரைச்சல் வரும். அதனால் வெல்டிங் வைக்கும் அதே இரும்பில், ஒரு சாண் தூரத்துக்குள், பெயின்டும் துருவும் போய் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி மாட்டச் சொல்லுங்கள். ஆக்சிலில் மாட்டவே கூடாது.

பிறை_தம்பி:
ரொம்ப நன்றி அண்ணே. ஈசியு சாக்கெட்டையும் ஆல்டர்னேட்டரையும் கழற்ற வேண்டுமா?

பட்டர்வொர்த்_வயரிங்:
உங்கள் வண்டி மேனுவல் சொல்வதுதான் கணக்கு, கழற்றச் சொல்லியிருந்தால் கழற்றிவிடுங்கள். வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஏதாவது கண்ட்ரோல் யூனிட் இருந்தால் அதன் சாக்கெட்டைக் கட்டாயம் உருவ வேண்டும். பின் சக்கர ஏபிஎஸ் சென்சார் வயர் அந்தப் பக்கம்தான் ஓடும், கிளிப்பை எடுத்து நகர்த்தி வையுங்கள். மிக் (கம்பி தானாக வரும் வகை) வெல்டிங் மெஷின் போதும். டிக் (டங்ஸ்டன் முனை வகை) என்றால், ஹை ஃபிரீக்வன்சி ஸ்டார்ட் (உயர் அதிர்வெண் மின்பொறியால் தொடங்குவது) உள்ளதைச் சேசிஸ் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

பழைய_லோரிக்காரர்:
வயரை மட்டும் பார்க்காதீர்கள். டீசல் டேங்க், பிரேக் பைப், ஸ்பேர் டயர் எல்லாம் அங்கேதான். நகர்த்த முடிந்ததை நகர்த்துங்கள், மற்றதை வெல்டிங் போர்வையால் மூடுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அடியில் பூசிய கோட்டிங் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும், வேலை முடிந்து அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் சேசிஸுக்குள்ளேயே ஓடியிருந்தால் அங்கே வெல்டிங் வைக்காமல் முதலில் கம்பெனி ஏஜென்டிடம் கேளுங்கள். சரக்கு வண்டி என்றால் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையில் அடிப்பக்கத்தையும் பார்ப்பார்கள்.

பேட்டரியைத் திரும்ப மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். ரேடியோவுக்குக் கோட் நம்பர் இருந்தால் கழற்றும் முன்பே எழுதி வையுங்கள் தம்பி.