மே மாதத்தில் தஞ்சைப் பெரிய கோயில்: எப்படித் திட்டமிடுவது?

கேள்வி (ஹைதராபாத் தமிழன்):
வணக்கம். மே இரண்டாம் வாரம் குடும்பத்தோடு தஞ்சாவூர் வருகிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், முழங்கால் வலியுள்ள என் அம்மா. காலையில் திருச்சியில் இறங்கி, வாடகைக் காரில் பதினொன்றரைக்குப் பெரிய கோயில். அங்கே ஒரு மணி நேரம். பிறகு தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், இரவு கும்பகோணத்தில் தங்கல். மகளுக்குக் கோயில் என்றாலே கொட்டாவி வந்துவிடும். அவளும் ரசிக்கும்படி ஏதாவது வழி உண்டா? அம்மாவால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதும் கவலை.

குடந்தை மருமகள்:
மே மாதம் பதினொன்றரை மணிக்கு அந்தக் கல்தரையில் வெறுங்காலோடா? அம்மாவை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டரைக்குச் சந்நிதியை அடைத்துவிட்டு மாலை நான்குக்குத்தான் திறப்பார்கள். நேரத்தை மாற்றுங்கள். எல்லோருக்கும் பருத்திக் காலுறை கொண்டுவாருங்கள்.

மேலவீதி வாசி:
தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் திட்டம் சுற்றுலாப் பேருந்து நடத்துகிறவர் போட்ட திட்டம் மாதிரி இருக்கிறது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். பெரிய கோயிலுக்கு ஒரு மாலையும் மறுநாள் ஒரு காலையும் கொடுங்கள். கும்பகோணம் எங்கேயும் ஓடிவிடாது.

முதல் நாள் மதியம் அறையில் நன்றாகத் தூங்கிவிட்டு நாலரைக்கு மேல் வாருங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. முதல் வாசல் கேரளாந்தகன், இரண்டாவது இராசராசன் வாசல். எல்லோரும் இரண்டையும் விறுவிறுவென்று கடந்து நந்தியிடம் போய்விடுவார்கள். நீங்கள் இரண்டாவது வாசலில் நில்லுங்கள். வாயிற்காவலர் சிலைகள் ஆளைப்போல் பல மடங்கு உயரம். அங்கே கீழே ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். அதை நீங்கள் காட்டாதீர்கள், மகளையே தேடச் சொல்லுங்கள். யானை அந்தப் பாம்புக்கு இரை, அந்தப் பாம்பு காவலருக்குத் தூசு. அப்படியென்றால் காவலர் எவ்வளவு பெரியவர், உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரியவர் என்று அவளே கணக்குப் போடட்டும். வாசலின் அடிப்பகுதியில் மார்க்கண்டேயன் கதை, சிவன் பார்வதி திருமணம் எல்லாம் சிறு சிறு சிற்பங்களாக இருக்கின்றன. குழந்தையின் கண்ணுயரத்துக்குத் தோதானவை.

விமானத்தின், அதாவது கருவறைக்கு மேலுள்ள கோபுரத்தின், நிழல் தரையில் விழாது என்று யாராவது சொல்வார்கள். சிரித்துவிட்டு நகருங்கள். மாலை ஐந்து மணிக்கு அந்த நிழல் நந்தி மண்டபப் பக்கம் நீளமாக விழுந்து கிடக்கும், ஊர்க்காரர்கள் அதில்தான் உட்கார்ந்து கதை பேசுகிறோம். 216 அடி உயரக் கட்டடத்துக்கு நிழல் இல்லாமல் எங்கே போகும்?

பிறகு விமானத்தைச் சுற்றுங்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்தை வலிக்க வைத்துக்கொள்வதோடு நிறுத்தாதீர்கள், அடித்தளத்தைப் பாருங்கள். கோயிலே ஒரு கணக்குப் புத்தகம். நான் கொடுத்தவை, அக்கன் கொடுத்தவை, நம் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுக என்று இராசராசன் ஆணையிட்டது வடபுறச் சுவரில் இருக்கிறது. அக்கன் என்பது குந்தவை. தன் கொடைக்குப் பக்கத்திலேயே அக்காளின் கொடையையும் எழுதச் சொன்ன அரசன்! கோயிலை ஒட்டிய தளிச்சேரி என்ற குடியிருப்பில் இருந்து நடனமாடிய 400 பெண்களின் பெயர்கள், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதுவரை இந்தக் கோயில் கல்வெட்டில் உண்டு. மகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியுமா? ப, ட, ம மூன்றும் ஆயிரம் ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை, கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது, குழம்ப வேண்டாம். தொட்டுத் தடவ மட்டும் விடாதீர்கள். வடபக்கம் விமானத்தின் மேலே தொப்பி போட்ட ஐரோப்பியர் ஒருவர் எட்டிப்பார்ப்பார். அவர் பிற்காலத்து ஆள் என்பது என் எண்ணம், ஊரில் இதற்கு ஆளுக்கொரு கதை உண்டு.

அம்மாவுக்கு: மகாமண்டபத்துக்கு ஏறும் படிகள் உயரமானவை. கைப்பிடித்து ஒரு முறை ஏறி லிங்கத்தைத் தரிசித்தால் போதும். பிறகு அவரைத் திருச்சுற்று மாளிகையில் உட்கார வையுங்கள். வரிசையாகத் தூண்கள், லிங்கங்கள், சுவரில் மராட்டியர் காலத்து ஓவியங்கள், நல்ல நிழல். கிருஷ்ணன் இராமன் என்ற படைத்தலைவர் கட்டியது. அங்கே அமர்ந்தபடியே விமானம் முழுதாகத் தெரியும்.

பிரதோஷ நாளா என்று நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று நந்தி அபிஷேகத்துக்குக் கூட்டம் நெருக்கும். பக்திக்கு நல்ல நாள், சிற்பம் பார்க்க ஆகாது.

காவிரிக்கரை:
நாங்கள் மூன்று கோயில்களையும் ஒரே நாளில் பார்த்தோம். ஒன்றும் குறையவில்லை. எல்லோருக்கும் இரண்டு நாள் ஒதுக்க முடியுமா?

மேலவீதி வாசி:
முடியாதவர்களுக்கு ஒரே நாள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இவர் விடுமுறையில் வருகிறார், கூட ஒரு குழந்தையும் மூட்டுவலிக்காரரும். தாராசுரத்துச் சிற்பங்கள் விரலளவு நுணுக்கமானவை. களைத்துப்போன கண்ணுக்கு அவை வெறும் கல்தான்.

கேள்வி கேட்டவர்:
ஐயா, மிக்க நன்றி. தஞ்சாவூரிலேயே இரவு தங்குவதாக மாற்றிவிட்டேன். மறுநாள் காலை கோயிலுக்குப் பிறகு வெயில் ஏறியதும் என்ன செய்வது? புகைப்படம் எப்போது எடுக்கலாம்?

மேலவீதி வாசி:
கோயில் கிழக்குப் பார்த்தது. முகப்பைப் படமெடுக்கக் காலை ஆறரைதான் சரி, தரையும் குளிர்ந்திருக்கும். எட்டரைக்குள் வெளியே வந்து இட்லியும் கடப்பாவும் (பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த எங்கள் பக்கத்துக் குழம்பு) சாப்பிடுங்கள். சாம்பார் கேட்டுவிடாதீர்கள், அது எல்லா ஊரிலும் கிடைக்கும்.

பிறகு அரண்மனைக் கலைக்கூடம். எத்தனையோ செப்புத் திருமேனிகள் இருந்தாலும், திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனரிடம், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவனிடம், நேராகப் போங்கள். 1011-இல் வார்த்தது, அதாவது பெரிய கோயிலுக்குக் கலசம் ஏறிய மறு ஆண்டு. காளையின் மேல் கையை ஊன்றி நிற்கிறார், காளைதான் இல்லை. இல்லாத அந்தக் காளையின் மீது கை எவ்வளவு இயல்பாகச் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். தலைமுடியைத் தலைப்பாகை போலச் சுற்றி, நடுவே பாம்பு வைத்திருக்கிறார். மகளை அதேபோல் நிற்கச் சொல்லிப் பாருங்கள், இடுப்பு வளையாது!

அதே வளாகத்தில் சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகமும் இருக்கிறது, அரை மணி போதும். தலையாட்டி பொம்மை வாங்குவதானால் கடையிலேயே ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். சாய்த்து விட்டால் தானாக நிமிர வேண்டும், கழுத்து சிக்கிக்கொண்டால் வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

குடந்தை மருமகள்:
அன்று மாலை நான்கு மணிக்குத் தாராசுரம் வந்துவிடுங்கள். காலுறையை மறக்காதீர்கள்.