நிலையறித் தேர்வை நீக்கியது சரியா?

வளர்மதி:
அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் (ஈராண்டு அரசுக் கல்லூரிகளில்) சேர வருவோருக்கு வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றில் அக்யூபிளேசர் போன்ற கணினிவழி நிலையறித் தேர்வை நடத்தி, மதிப்பெண் குறைந்தவர்களை, பள்ளிப் பாடத்தை மீண்டும் கற்பிக்கும் குறைதீர் வகுப்புக்கு அனுப்பும் வழக்கத்தை, கலிஃபோர்னியாவின் ஏபி 705 சட்டம் (2017) அம்மாநிலத்தில் ஏறக்குறைய ஒழித்துவிட்டது. இப்போது பள்ளி மதிப்பெண்களே முதன்மை அளவுகோல். இதை நான் வரவேற்கிறேன். குறைதீர் வகுப்புக்குக் கட்டணம் உண்டு. ஆனால் அது பட்டத்துக்கான கணக்கில் சேராது. கணிதத்தில் மூன்று படி கீழே அனுப்பப்பட்டவர், எதிலும் தவறாமல் தேறினாலும், பட்டப் பாடத்தைத் தொடுவதற்குள் ஓர் ஆண்டுக்கு மேல் கழிந்துவிடும். பலர் அதற்கு முன்பே படிப்பைக் கைவிட்டார்கள்.

செங்கோடன்:
பள்ளி மதிப்பெண்ணை இவ்வளவு நம்பலாமா? சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 2025 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். புதிய மாணவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவரின் கணிதத் திறன் உயர்நிலைப் பள்ளி மட்டத்துக்கும் கீழே இருந்தது. அவர்களில் பலர் பள்ளிக் கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள். பள்ளி தாராளமாக வழங்கிய மதிப்பெண்ணின் உண்மை நிலையை வெளிப்படுத்தியது அப்பல்கலைக்கழகத்தின் நிலையறித் தேர்வுதான்.

மாறன்:
ஃபுளோரிடா 2013இல் வேறு வழியை எடுத்தது: அண்மையில் அரசுப் பள்ளியில் படிப்பு முடித்தவர்களில் பெரும்பாலோருக்குத் தேர்வும் குறைதீர் வகுப்பும் அவரவர் விருப்பம்.

வளர்மதி:
செங்கோடன் ஐயா காட்டும் சான்று ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றியது. சமுதாயக் கல்லூரித் தேர்வுகளைக் கல்வி ஆய்வாளர் ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் 2012இல் ஆராய்ந்தபோது, கணிதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவரும் ஆங்கிலத்தில் மூன்றில் ஒருவரும் பெரிதும் பொருந்தாத வகுப்பில் அமர்த்தப்பட்டிருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தேவையின்றிக் கீழே அனுப்பப்பட்டவர்கள். இதில் வியப்பில்லை. அக்யூபிளேசரின் கணிதப் பகுதி ஒவ்வொன்றிலும் இருப்பவை 20 கேள்விகள். 'இதில் தேர்ச்சி, தோல்வி கிடையாது' என்று சொல்லி உட்காரவைத்தால் யார் படித்துவிட்டு வருவார்கள்? அந்த 20 கேள்விகளை, நான்கு ஆண்டுகள் பல ஆசிரியர்கள் இட்ட மதிப்பெண்ணுக்கு மேலாக வைப்பது நியாயமில்லை.

செங்கோடன்:
நான்கு ஆண்டு மதிப்பெண் உள்ளவர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். பிற நாட்டில் படித்துக் குடியேறியவர், பத்தாண்டு வேலைபார்த்துவிட்டுத் திரும்புபவர் ஆகியோரிடம் அண்மைப் பள்ளிப் பதிவு இருக்காது. அவர்கள் தம் நிலையைத் தாமே மதிப்பிட்டுச் சொல்ல ஏபி 705 இடம் தருகிறது. இயற்கணிதம் மறந்துபோனதை ஒருவர் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் அறிவார். கேள்வித்தாள் இல்லாத மதிப்பீடு தன்னம்பிக்கையை அளக்குமே தவிரக் கணிதத்தை அளக்காது.

வளர்மதி:
அவர்களுக்குத் தேர்வு பயன்படும் என்பதை ஏற்கிறேன். அதன் முடிவு முதல் வாரத்திலேயே ஆசிரியர் கையில் இருக்கட்டும். பட்டப் பாடத்தோடு சேர்ந்து நடக்கும் துணை வகுப்பில் எதைக் கற்பிப்பது என்று அவர் அதைக் கொண்டு முடிவுசெய்யட்டும். வாசலில் நிறுத்திவைக்கும் அதிகாரத்தை மட்டும் அதற்குத் தரக் கூடாது.

செங்கோடன்:
பின்னம் கூட்டத் தெரியாதவருக்கு, பட்டப் பாடமான புள்ளியியலோடு சேர்த்து வாரம் இரண்டு மணி நேரத் துணை வகுப்பு போதுமா? அதற்கு விடை சொல்லுங்கள்; மற்றதில் நமக்குள் பெரிய வேறுபாடு இல்லை.