கலியாண அழைப்பிதழில் டிஷியன் ஓவியம்: இரண்டு பெண்களில் யார் பொம்பிளை?

வெள்ளவத்தை_டிசைன்:
கலியாண அழைப்பிதழ் டிசைன் செய்வதுதான் என் தொழில். இப்போது வந்திருக்கும் சோடிக்குப் பிள்ளையார், குத்துவிளக்கு, வாழைமரம் ஒன்றும் வேண்டாமாம். ரோமில் போர்கேசே கலைக்கூடத்தில் பார்த்த, வெனிஸ் ஓவியர் டிஷியனின் 'புனிதக் காதலும் உலகக் காதலும்' ஓவியத்தைத்தான் முன்பக்கத்தில் போட வேண்டுமாம். கல்தொட்டி ஒன்றின் இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், ஒருத்தி கையுறை வரைக்கும் போட்டு முழுக்க உடுத்தியிருக்கிறாள், மற்றவளுக்குத் தோளில் ஒரு சிவப்புத் துணி, இடுப்பில் ஒரு வெள்ளைத் துண்டு, அவ்வளவுதான். நடுவில் குட்டி மன்மதன் தொட்டித் தண்ணீரை அளைந்துகொண்டிருக்கிறான். பொம்பிளையின் அம்மம்மா வட்ஸ்அப்பில் மாதிரியைப் பார்த்துவிட்டு "இது என்ன கோதாரி" என்றாராம். எனக்கு விளங்காதது வேறு. உடுத்தவள்தான் புனிதம் என்று யாரும் நினைப்போம், நெட்டில் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். இது உண்மையில் கலியாணப் படமா, இல்லை பெண்ணுக்குப் புத்தி சொல்லும் படமா?

பம்பலப்பிட்டி_வாசகி:
கலியாணப் படம்தான். 1514இல் வெனிஸ் அரசின் பத்துப்பேர் சபைச் செயலாளர் நிக்கோலோ அவுரேலியோ, பாதுவாவைச் சேர்ந்த லாரா பகரொத்தோவை மணந்ததை ஒட்டி வரைந்தது என்பதுதான் பெரும்பாலானோர் ஏற்பது. தொட்டியின் முன்பக்கத்தில் மாப்பிளை வீட்டுச் சின்னமே இருக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள்.

உங்களைக் குழப்பும் அந்தத் தலைப்பு டிஷியன் வைத்ததில்லை. 1613இல் இதை 'அலங்கரிக்காத அழகும் அலங்கரித்த அழகும்' என்று பாடியிருக்கிறார்கள், புனிதமும் உலகமும் 1693 பட்டியலில்தான் வருகின்றன. உடுத்தியிருப்பவள்தான் பொம்பிளை: வெள்ளை உடுப்பு, இடுப்பில் பட்டி, கையில் ரோஜா, தலையில் மிர்ட்டில் இலை மாலை. மிர்ட்டில் வீனஸுக்கு உரிய செடி, அங்கே மணப்பெண்ணுக்குச் சூட்டுவது. அவளுக்குப் பின்னால் தூரத்தில் இரண்டு முயல்கள் இருக்கின்றன, பிள்ளைகுட்டியோடு பெருக வேண்டும் என்று அர்த்தம். மற்றவள் வீனஸ். எர்வின் பனோஃப்ஸ்கி என்ற கலை வரலாற்றாசிரியர் இரண்டு பேருமே வீனஸ்தான், ஒருத்தி விண்ணுக்கும் ஒருத்தி மண்ணுக்கும் உரியவள் என்றார். விண்ணுக்குரியவளுக்கு நகைநட்டு தேவையில்லை, அதனால்தான் உடுப்பில்லாதவள் புனிதம். அவள் கையில் தீயெரியும் சட்டியும் அதற்குத்தான்.

ஆனால் படத்தைவிட அந்தக் கலியாணம்தான் விசேஷம். லாரா விதவை. எதிரியோடு சேர்ந்தார் என்று அவள் அப்பாவுக்கு 1509இல் மரணதண்டனை கொடுத்தது இதே வெனிஸ், மாப்பிளையும் அதே அரசின் ஆள். தொட்டியில் ஒருவனைப் போட்டு அடிப்பதுபோல் ஒரு காட்சி செதுக்கியிருக்கிறது, ஆசையை அடக்குவதன் அடையாளம் என்று விளக்குவார்கள். இருக்கட்டும், அப்பாவை அப்படி இழந்த பெண்ணின் கலியாணப் படத்தில் வைக்க வேறொன்றும் கிடைக்கவில்லையா என்றுதான் எனக்குத் தோன்றும்.

கொட்டாஞ்சேனை_சிவா:
அக்கா சொல்வது சரி, ஆனால் இந்த அடையாள விளக்கங்களில் பாதி பின்னால் வந்தவர்கள் ஏற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். லண்டன் நேஷனல் கலரியில் இருக்கும் யான் வான் ஐக்கின் ஆர்னொல்ஃபினி படத்தை எடுங்கள், ஒரு சோடி கைபிடித்து நிற்கும் 1434ஆம் ஆண்டு ஓவியம். அது கலியாணச் சாட்சிப் பத்திரம் மாதிரி, நாய் விசுவாசம், பகலில் எரியும் ஒற்றை மெழுகுதிரி அதன் சாட்சி என்று 1934இல் எழுதியவரும் அதே பனோஃப்ஸ்கிதான். பிறகு வந்தவர்கள் அது சரியில்லை என்று மறுத்தார்கள். சும்மா வளர்த்த நாயாகவும் இருக்கலாம் இல்லையா.

சந்தேகமே இல்லாத படம் வேண்டுமென்றால் லொரென்சோ லொத்தோ 1523இல் வரைந்த மார்சிலியோ கசொத்தியும் மனைவி ஃபாவுஸ்தீனாவும், மத்ரித் பிராதோவில் இருக்கிறது. மாப்பிளை மோதிரம் போடப்போகிறான், பின்னால் மன்மதன் இரண்டு பேர் தோளிலும் சேர்த்து ஒரு நுகத்தை வைக்கிறான், அதுவும் ஒரு நமட்டுச் சிரிப்போடு. அம்மம்மாவும் ஒன்றும் சொல்ல மாட்டார், எல்லோரும் உடுத்தியிருக்கிறார்கள் (மன்மதனைத் தவிர).

தெகிவளை_கௌரி:
நுகத்தடி எங்களுக்குப் புதிதா என்ன? பிராமணர் கலியாணத்தில் பொம்பிளையின் தலைக்கு மேல் நுகத்தடியைப் பிடித்து அதன் துளை வழியாகத் தண்ணீர் விடுவார்கள்.

சிவா, பின்னால் ஏற்றியது என்பதற்காக விட்டுவிட முடியாது. கரும்பு வில்லையும் ஐந்து மலர் அம்பையும் கண்டால் அது மன்மதன் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதேபோல்தான் வெனிஸ்காரனுக்கு மிர்ட்டில். தம்பி டிசைனர், பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் பவுண்டேஷனுக்கு ஒருக்கால் போய் 43 குழுவினரின் (1943இல் கொழும்பில் தொடங்கிய நவீன ஓவியர் குழு) ஓவியங்களைப் பாருங்கள். அந்தக் குழுவில் இருந்த ஜோர்ஜ் கீட் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், ராதையும் கிருஷ்ணனும் அவருக்குப் பிடித்த விஷயம். ஆனால் கீட்டின் ராதையும் அம்மம்மாவுக்குச் சரிவராது, இப்போதே சொல்லிவிட்டேன்.

வெள்ளவத்தை_டிசைன்:
எல்லோருக்கும் நன்றி. லொத்தோ படத்தை அனுப்பினேன். மாப்பிளை விழுந்து விழுந்து சிரித்தார், பொம்பிளை "என் தோளில் ஏன் நுகம்" என்று மறுத்துவிட்டார். டிஷியனைப் பாதி வெட்டுவோமா என்றும் யோசித்தேன், அக்கா சொன்னதைப் படித்த பிறகு வெட்ட மனமில்லை. அளவைப் பார்த்தால் உயரம் 118 சென்டிமீற்றர், அகலம் 279, நீளமாக மடிக்கும் அழைப்பிதழுக்கு அளந்து செய்தது போல் இருக்கிறது. மடித்தால் மேலே லாரா மட்டும், விரித்தால் வீனஸ். அம்மம்மாவுக்கு மடித்தபடியே கொடுப்பதாக ஒப்பந்தம். இனி மடிப்பு மன்மதன் முகத்தில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும், 300 ஜீஎஸ்எம் கனமுள்ள மட்டையில் மடிப்புக்கோடு வெடிக்குமா என்று அச்சகத்தில் வேலை செய்யும் யாராவது சொல்லுங்கள்.