எட்டரை அடிக்குள் அடங்கும் கார் லிஃப்ட் எது?

வணக்கம் நண்பர்களே. வீட்டு கார் ஷெட்டில் லிஃப்ட் போடலாம் என்று பார்க்கிறேன். கூரை 9 அடி, பீமுக்குக் கீழே எட்டரைதான். ஸ்விஃப்ட்டே 5 அடி உயரம். மூன்றடி தூக்கினால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்துக்கொள்வேன்.

மேலே குறுக்குச் சட்டம் வரும் இரட்டைத் தூண் வகை ஒத்துவராது. தரையோடு இணைப்புத் தகடு போகும் வகையில் தூண் குட்டையாக இருந்தால் நுழையும். ஆனால் தூணைத் தரையில் இறுக்கும் ஆங்கர் போல்ட் பிடிக்க நல்ல கான்கிரீட் வேண்டுமே, நம் தரை பழசு. கத்தரிக்கோல் மாதிரி வண்டிக்கு அடியில் விரிந்து தூக்கும் சிசர் லிஃப்ட் சுலபம்தான். என்ன, வண்டியின் நடு அடிப்பகுதியை மறைத்துவிடும், கியர்பாக்ஸ் இறக்கப் படாத பாடு படவேண்டும். எனக்கு பிரேக், சஸ்பென்ஷன் வேலைதான் அதிகம்.

அப்புறம், வீட்டில் சிங்கிள் ஃபேஸ் கரண்ட். இதே உயரத்தில் போட்டவர்கள் எந்த வகை எடுத்தீர்கள், தரையின் கனத்தை எப்படிப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்களேன்.