அடைப்புக்குறியை நகர்த்தினால் கூட்டல் விடை மாறுமா?

கணக்குப்புள்ளி:
கூட்டலுக்குச் சேர்ப்புப் பண்பு உண்டு, எந்த இரண்டை முதலில் கூட்டினாலும் விடை ஒன்று என்றுதானே பாடம்? பைத்தான் நிரல்மொழியில் (0.1 + 0.2) + 0.3 போட்டால் 0.6000000000000001 வருகிறது. 0.1 + (0.2 + 0.3) போட்டால் 0.6. கழித்தலுக்கு இந்தப் பண்பு கிடையாது, தெரியும்: (10 − 5) − 2 = 3, 10 − (5 − 2) = 7. கூட்டல் எப்படிப் பிசகுது? பில் கூட்டுகிற நிரல் இது, ரூபாயெல்லாம் ஃப்ளோட் என்ற புள்ளி எண் வகையில்தான் இருக்கு.

பிட்53:
பைத்தான் மேல பழி போடாதீங்க, ஜாவாஸ்கிரிப்ட்டிலும் இதே விடைதான். இரண்டுமே கணினி எண்களுக்கான ஐஇஇஇ 754 தரத்தின் 64 பிட் எண்ணைத்தான் பயன்படுத்துது. அதில் இலக்கங்களுக்குக் கிடைப்பது 53 பிட், அதாவது 53 இரும இலக்கம். 0.1 இருமத்தில் (0, 1 மட்டுமே உள்ள எண்முறையில்) முடியாமல் ஓடும் எண் என்று எல்லாரும் சொல்வாங்க. அது பாதிக் காரணம். ஒவ்வொரு கூட்டல் முடிந்ததும் விடை 53 பிட்டுக்கு ரவுண்ட் ஆகுது. எதை எப்போது ரவுண்ட் செய்வது என்பதை உங்க அடைப்புக்குறி தீர்மானிக்குது.

தாளில் போட்டுப் பாருங்க. மூன்று இலக்கம் மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று விதி. 100 + 0.4 = 100.4, ரவுண்ட் செய்தால் 100. மறுபடி 0.4 சேர்த்தாலும் 100தான். சின்னதுகளை முதலில் கூட்டினால் 0.8, நூறோடு சேர்த்தால் 100.8, அதாவது 101. முழு எண்ணும் தப்பாது: 9007199254740992 ஃப்ளோட்டாக இருந்தால், ஒன்று ஒன்றாக எத்தனை முறை 1 கூட்டினாலும் அசையாது. இரண்டாகச் சேர்த்துப் போட்டால் 994இல் முடியும்.

தசமன்:
ஒரு சின்னத் திருத்தம், பலர் குழப்பிக்கொள்வதால். பரிமாற்றுப் பண்பு கெடவில்லை, 0.1 + 0.2, 0.2 + 0.1 இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கெட்டது சேர்ப்புப் பண்பு மட்டும்.

பில்லுக்கு: பைசாவாக்கி முழு எண்ணில் வையுங்க. பைத்தான் முழு எண்ணில் சேர்ப்புப் பண்பு அப்படியே நிற்கும்.

கணக்குப்புள்ளி:
19.99ஐ 100ஆல் பெருக்கி, முழு எண்ணாக்க இன்ட் போட்டேன். 1998 வருது! ஒரு பைசா எங்கே?

தசமன்:
பெருக்கினதும் கிடைப்பது 1998.9999999999998. இன்ட் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிடும், ரவுண்ட் செய்யாது. ரவுண்ட் போடுங்க, 1999 வரும். எண்ணைத் தசமமாகவே வைக்கும் டெசிமல் வகைக்குப் போனால் மேற்கோள்குறிக்குள் '0.1' என்று கொடுங்க. குறி இல்லாமல் கொடுத்தால் ஃப்ளோட்டின் பிழையும் கூடவே உள்ளே வந்துடும்.

பிட்53:
பணம் இல்லாத நீளமான பட்டியல் என்றால், பைத்தானின் மேத் தொகுதியில் உள்ள எஃப்சம் என்ற கூட்டும் கட்டளை. வரிசை மாறினாலும் அதே விடை தரும். பைத்தான் 3.12இலிருந்து சாதாரணக் கூட்டல் கட்டளையான சம்மும் ஃப்ளோட் பிழையை ஈடுகட்டிக் கூட்டுது. அதனால் அதே பட்டியலுக்குப் பழைய பதிப்பில் கடைசி இலக்கம் வேறாக வரலாம்.