மறுமொழி: "செரிமோனியல் அவென்யூ" – ராஜபாட்டையா, உலாவீதியா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

மூன்று நாளாக வெளியூரில் இருந்தேன். வந்து பார்த்தால் இழை தேர்வடம் மாதிரி நீண்டு கிடக்கிறது. எல்லா மடல்களையும் படித்துவிட்டேன்.

முதலில் கேள்வி கேட்ட நண்பருக்கு. நகரமைப்பு நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறீர்கள், புது தில்லி அத்தியாயத்தில் "செரிமோனியல் அவென்யூ" (அணிவகுப்பும் அரசு விழாவும் நடக்கிற பெருந்தெரு) என்ற சொல் பக்கத்துக்கு ஒருமுறை வருகிறது, தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தீர்கள்; "சடங்குச் சாலை" என்று போட்டுவிட்டுத் தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். வராதுதான். சடங்கு என்றதும் பாதிப் பேருக்குப் பெண் பெரியவளான வீட்டுப் பந்தல்தான் கண்ணில் நிற்கும். அதைத் தைரியமாக அடித்துவிடுங்கள்.

அகராதியை எடுப்பதற்கு முன்னால் புது தில்லியில் அந்தத் தெரு என்ன வேலை செய்கிறது என்று பார்க்கலாம். 1911 டிசம்பரில் தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்தார். அப்போது அடிக்கல் நட்டது வடக்கே, தர்பார் நடந்த பக்கம். பிறகு இடத்தைத் தெற்கே ரைசினா குன்றுக்கு மாற்றினார்கள். வடக்கே இருந்த ஏற்பாட்டின் மிச்சமாக "கிங்ஸ்வே கேம்ப்" என்ற பெயர் மட்டும் இன்றும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரைசினாவில் எட்வின் லட்யன்ஸ் வைஸ்ராய் மாளிகையையும், ஹெர்பர்ட் பேக்கர் இரண்டு செயலகக் கட்டடங்களையும் வடிவமைத்தார்கள். குன்றிலிருந்து கிழக்கே, பழைய கோட்டையான புரானா கிலாவை நோக்கி ஒரு நேர்கோடு. அதில் போர் நினைவு வளைவான இந்தியா கேட் வரை சுமார் 3 கிலோமீட்டர். அந்தக் கோடுதான் கிங்ஸ்வே. இருபுறமும் நாவல் மரங்கள். (நாவலந்தீவுக்குத் தலைநகர் அமைத்தவர்களுக்கு நம் இலக்கியம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் பொருத்தம்!)

இந்தத் தெருவின் முதல் வேலை கண்ணை இழுத்துக்கொண்டு போவது. அதில்தான் பெரிய சறுக்கலும் நடந்தது. குன்றின் மேல் மாளிகை மட்டும் நிற்கட்டும் என்பது லட்யன்ஸின் ஆசை. செயலகமும் அதே உயரத்தில் வேண்டும் என்றார் பேக்கர். லட்யன்ஸ் 1913-ல் ஒப்புக்கொண்டு வரைபடத்தில் கையெழுத்தும் போட்டார். மாளிகை பின்னுக்குத் தள்ளப்பட்டது. சரிவு உருவான பிறகுதான், கீழிருந்து வருகிறவனுக்கு மாளிகையே மறைந்துவிடும் என்று அவருக்கு உறைத்தது. மாற்றச் சொல்லிப் பல காலம் போராடினார், நடக்கவில்லை. நெப்போலியனுக்கு வாட்டர்லூ என்றால் தனக்கு "பேக்கர்லூ" என்று நொந்துகொண்டார். அது லண்டன் சுரங்க ரயில் தடம் ஒன்றின் பெயரும்கூட.

நான் ஒரு முறை இந்தியா கேட்டிலிருந்து நடந்தே போய்ப் பார்த்தேன். தூரத்தில் தூண் வரிசையும் குவிமாடமும் தெளிவாகத் தெரியும். குன்றின் அடிவாரச் சதுக்கமான விஜய் சௌக்கை நெருங்க நெருங்கத் தூண்கள் தரைக்குள் இறங்குகின்றன. சௌக்கில் நின்று நிமிர்ந்தால் குவிமாடத்தின் உச்சி மட்டும், கவிழ்த்த கிண்ணம் மாதிரி. மேடேறினால் மறுபடி முழுசாக எழுந்து நிற்கிறது. திருப்புன்கூரில் நந்தனாருக்கு நந்தி விலகியது. இங்கே நந்தி கடைசிவரை விலகவில்லை.

இனி இழையில் வந்த யோசனைகள்.

> ராஜபாட்டை என்று நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் தில்லித் தெருவின் கதையே அதற்கு எதிரான சாட்சி. விடுதலைக்குப் பின் கிங்ஸ்வே ராஜ்பத் ஆனது. அதைக் குறுக்கே வெட்டுகிற குயின்ஸ்வே ஜன்பத் ஆனது. கவனியுங்கள்: ராணி போன இடத்தில் மக்கள் வந்தார்கள், ராஜா மட்டும் மொழி மாறி அங்கேயே உட்கார்ந்துகொண்டார். வடமொழியில் ராஜபதம் என்றால் வெறும் பெருஞ்சாலை என்ற பொருளும் உண்டு, நம் ராஜபாட்டைக்கும் அப்படித்தான், ராஜா வந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இருந்தும் என்ன ஆயிற்று? 2022 செப்டம்பர் 7-ஆம் தேதி புது தில்லி மாநகராட்சிக் குழு அதைக் "கர்தவ்ய பத்" (கர்தவ்ய என்றால் கடமை) என்று மாற்றியது. மறுநாள் பிரதமர் திறந்துவைத்தபோது, பழைய பெயர் அடிமைத்தனத்தின் அடையாளம் என்று சொல்லப்பட்டது. அகராதிப் பொருள் அங்கே எடுபடவில்லை. காதில் "ராஜ" என்று விழுந்தது, அவ்வளவுதான். ஆட்சிக்கு ஆட்சி மாறுகிற தெருவுக்கு, ஆட்சியின் சாயம் இல்லாத பொதுச்சொல் வேண்டும்.

> சிலப்பதிகாரத்தில் கோவியன் வீதி இருக்கிறதே!

இருக்கிறது. "கோவியன் வீதியும் கொடித்தேர் வீதியும்" என்று புகார் நகரத்தின் பட்டினப்பாக்கத்தைச் சொல்லும் இடம். நண்பர் எடுத்துக்காட்டியபோது எனக்குப் புல்லரித்தது. ஆனால் கோ என்றால் மறுபடி அரசன்தான். குடியரசு நாளில் "கோவியன் வீதியில் அணிவகுப்பு" என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும். அந்த வரியில் எனக்கு உதவுவது இரண்டாவது வீதி. கொடித்தேர் வீதியின் பெயரில் யார் ஆள்கிறார் என்பது இல்லை, அங்கே என்ன நடக்கிறது என்பது இருக்கிறது. நம் பொதுச்சொல்லும் அப்படி அமைய வேண்டும்.

> நாளிதழ்கள் "கடமைப் பாதை" என்கின்றன. "விழாப்பாதை" போதாதா?

பாதை மெலிந்த சொல். ஒற்றையடிப் பாதை, மலைப்பாதை, நடைபாதை. இந்தியில் "பத்" என்பதற்கு இருக்கிற கம்பீரம் தமிழில் பாதைக்கு இல்லை. உச்சரிப்பு ஒத்துப்போகிறது என்று பிடித்துப்போட்டார்கள். வீதி என்றால்தான் அகலம் வருகிறது, மாடவீதி, ரத வீதி எல்லாம் அந்த வரிசைதான். வீதி வடசொல் என்று ஒருவர் எழுதியிருந்தார். சிலம்பிலேயே உட்கார்ந்திருக்கும் சொல்லை எழுப்பி வெளியே அனுப்ப எனக்கு மனமில்லை.

"பேரணிச் சாலை"யைப் பற்றிச் சுருக்கமாக. 1988-ல் மகேந்திர சிங் திகாயத் தலைமையில் உழவர்கள் வந்து அந்தத் தெருவை ஒட்டிய போட் கிளப் புல்வெளியில் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். பின்னர் அங்கே கூட்டங்களுக்குத் தடை வந்தது, போராட்டங்கள் ஜந்தர் மந்தருக்குப் போயின. பேரணிக்கு இடமில்லாத தெருவைப் பேரணிச் சாலை என்பது நக்கலாகப் படும்.

சரி, என் யோசனை: உலாவீதி.

உலா நம்மிடம் ஒரு இலக்கிய வகையாகவே இருக்கிறது. தலைவன் வீதியில் பவனி வருவான், பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்கள் பார்த்து நிற்பார்கள். சாமியும் உலா வருகிறது. பொது வீதி, நகர்கிற காட்சி, நின்று பார்க்கிற கூட்டம்: செரிமோனியல் அவென்யூவுக்குத் தேவையான மூன்றும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

இதற்கு நானே ஒரு மறுப்பும் சொல்லிவிடுகிறேன். உலாவில் தலைவன் நகர்வான், மக்கள் நிற்பார்கள். குடியரசு நாளிலோ தலைவர் மேடையில் நிற்கிறார், படையும் மாநில அலங்கார ஊர்திகளும் அவரைக் கடந்து போகின்றன. 1950-ல் முதல் அணிவகுப்பு நடந்தது இர்வின் விளையாட்டரங்கில். பிறகு சில ஆண்டுகள் இடம் மாறி மாறி நடந்து, 1955 முதல் இந்தத் தெரு நிலையானது. அதாவது நாடு உலா வருகிறது, தலைவர் பார்க்கிறார். உலா தலைகீழானாலும் வீதி அதேதான். யார் நகர்ந்தால் என்ன, சொல் தாங்கும்.

> உலா என்றால் இன்று சுற்றுலாதான். ஜனங்கள் காலாற நடக்கும் இடம் என்று நினைத்துவிடுவார்கள்.

நினைக்கட்டுமே. ஆண்டில் ஓரிரு நாள் அணிவகுப்பு, மற்ற நாள் மாலைகளில் அங்கே நடப்பது அதுதான். புல்வெளியில் துண்டு விரித்த குடும்பங்கள், ஐஸ்கிரீம் வண்டிகள், பலூன் கேட்டு அழும் குழந்தை. இந்தியா கேட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்திலிருந்து 1968-ல் ஐந்தாம் ஜார்ஜ் சிலையை எடுத்தார்கள். 2022-ல் சுபாஷ் சந்திர போஸின் கருங்கல் சிலை வரும் வரை அரை நூற்றாண்டுக்கு மேல் மண்டபம் காலியாகவே நின்றது, கூட்டம் குறையவில்லை. இரண்டு பொருளையும் சுமக்கிற சொல் கிடைத்தால் அதைக் குறையாகப் பார்க்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அரசு அலுவலகங்கள் நிறைந்த தெரு எல்லாம் உலாவீதி ஆகாது. லண்டனில் அரண்மனைக்கு முன்னால் போகும் மால் உலாவீதி. வைட்ஹால் முதன்மையாக அலுவலகத் தெரு, அதன் பெயரே அரசாங்கத்துக்கு ஆகுபெயராகிவிட்டது, நாம் "கோட்டை" என்று சொன்னால் தலைமைச் செயலகம் புரிகிற மாதிரி. தில்லித் தெரு இரண்டுமாக இருப்பதால்தான் இத்தனை குழப்பம். அங்கே சாஸ்திரி பவன், கிருஷி பவன் போன்ற அரசு அலுவலகக் கட்டடங்களைப் பற்றிப் பேசும் பத்திகளில் "செயலகத் தெரு" என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். ஒரே சொல்லில் திணிக்க வேண்டாம்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "லட்யன்ஸ் திட்டத்தில் உலாவீதியின் மேற்கு முனையில் மாளிகை, கிழக்கில் போர் நினைவு வளைவு." "உலாவீதியின் சரிவு மாளிகையை மறைத்தது." தடுக்கவில்லை. அடைப்புக்குறி இல்லாமலே புரிகிறது என்று நினைக்கிறேன், நீங்களும் ஓரிரு வாக்கியம் எழுதிப் பார்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், அதே அத்தியாயத்தில் "விஸ்டா"வும் (கண்ணுக்கு எட்டும்வரை நீளும் காட்சி) வருகிறதாமே. அதற்குத் தனி இழை தொடங்கினால் நல்லது. நான் "நெடுநோக்கு" என்று எழுதிப் பார்த்தேன். தேர்தல் அறிக்கை மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன்.

அன்புடன்.