வீட்டிலேயே டிஸ்க் பிரேக்கில் ஏர் எடுக்கறது: தெரிஞ்சவங்க சொல்லுங்க

கோபி (150 சிசி, முன்னாடி மட்டும் டிஸ்க்)

பிரேக் ஆயில் மாத்தறது பெரிய வேலையில்லைங்க. உள்ள மாட்டிக்கிட்ட காத்தை வெளிய கொண்டாறதுதான் வேலை. ஆயில் அமுங்காது, காத்து அமுங்கும். அதனாலதான் லிவர் பஞ்சாட்டம் உள்ள போவுது. நீங்க குடுக்கற பலம் பேடுக்குப் போகாம குமிழியை நசுக்கறதுலயே தீந்துபோயிருது.

வேண்டிய சாமான்: 8 மி.மீ. ரிங் ஸ்பேனர் (சில வண்டிக்கு வேற சைஸ் வரும், பாத்துக்கங்க), நிப்பிள்ல (பேடைப் புடிச்சிருக்கற காலிப்பர்ல, காத்தை வெளிய உட இருக்கற சின்ன போல்ட்டு) இறுக்கமா ஏறற உள்விட்டம் 4, 5 மி.மீ. கண்ணாடியாட்டம் உள்ள தெரியற பிளாஸ்டிக் டியூப் ரெண்டடி, 50 மி.லி. ஊசி சிரிஞ்சு ஒண்ணு, சீல் உடைக்காத டாட் 4 பிரேக் ஆயில் கால் லிட்டர். டியூப் கலர் மீன் கடையில மீட்டர் கணக்குல குடுப்பாங்க. லிவர் பக்கத்துல இருக்கற ஆயில் டப்பா மூடியில டாட் 3ன்னு போட்டிருந்தாலும் 4 ஊத்தலாம். டாட் 5 மட்டும் ஊத்திராதீங்க, அது சிலிக்கான் சாதி. 5.1 வேற, அது 3, 4 கூடச் சேரும்.

மொதல்ல மூடியைத் திறக்காதீங்க, நிப்பிள் அசையுதான்னு பாருங்க. அலுமினியக் காலிப்பர்ல இரும்பு நிப்பிள் துருப்புடிச்சு உக்காந்துக்கும். வாய் ஸ்பேனர் போட்டா முனை மழுங்கிரும், ரிங் ஸ்பேனர்தான் போடணும். அசையலைன்னா துருவுக்கு அடிக்கற ஸ்பிரேயை அடிச்சு ராத்திரி பூரா உட்டுப்போட்டு, மறுநா மெதுவா ரெண்டு பக்கமும் அசைச்சுப் பாருங்க. உள்ள ஓட்டை இருக்கற சின்ன போல்ட்டு அது. மல்லுக்கட்டுனா ஒடைஞ்சுரும், பொறவு லேத்துக்குத்தான் தூக்கணும்.

அசைஞ்சா, சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஆயில் டப்பா மட்டமா வர்ற மாதிரி ஹேண்டில் பாரைத் திருப்புங்க. டேங்க் மேல ஈரத்துணி போட்டு மூடிருங்க. மூடி ஸ்க்ரூ ரெண்டும் சீக்கிரம் வழுக்கும். ஸ்க்ரூ டிரைவரை வெச்சு மேல சுத்தியல்ல ஒரு தட்டு தட்டிப்போட்டுத் திருகுனா கம்முனு வந்துரும். டப்பாவுல இருக்கற கருத்த ஆயிலை சிரிஞ்சுல உறிஞ்சி எடுத்துட்டு புதுசு ஊத்துங்க. பழசு முழுக்க ஓஸ் வழியா வரணும்னு இல்லை.

டியூப்பை நிப்பிள்ல மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊத்துன பாட்டில்ல முக்கி வைங்க. லிவரை மெதுவா மூணு நாலு தரம் அமுக்கி, அமுக்குன வாக்குலயே புடிச்சுக்கங்க. நிப்பிளைக் கால் சுத்து திறந்தா ஆயில் டியூப்ல ஓடும், லிவர் கீழ எறங்கும். எறங்கி முடியறதுக்குள்ள நிப்பிளை மூடிரணும். மூடுன பொறவுதான் லிவரை உடணும், முந்திக்கிட்டா வெளிக்காத்தை அதே வழியா உள்ள இழுத்துக்கும். அஞ்சாறு தரத்துக்கு ஒருக்கா டப்பாவைப் பாத்து ஊத்துங்க. ஒரு தரம் அடி காஞ்சுச்சுன்னா மறுபடியும் மொதல்ல இருந்துதான். முன்பக்கத்துக்கு 100 மி.லி. சுமாரா போதும்.

திருப்பூர்

கோபி அண்ணா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கங்க. நம்மூர் ஒர்க்‌ஷாப்பு எல்லாத்துலயும் கை தொடைக்க பனியன் வேஸ்ட்தான். டப்பாவுக்குள்ள மட்டும் அதை உடாதீங்க. அடியில ரெண்டு ஓட்டை இருக்கும், பெருசு ஒண்ணு, ஊசி முனை அளவுக்குச் சின்னது ஒண்ணு. பனியன் நூல் ஒரு இழை போதும் சின்னதை அடைக்க. அடைச்சுச்சுன்னா பிரேக் புடிச்ச பொறவு ஆயில் திரும்பி டப்பாவுக்கு வராது, ஓட்ட ஓட்ட லிவர் கெட்டியாகி வீல் புடிச்சுக்கும்.

செக் பண்றது சுலபம். மூடி திறந்திருக்கையில லிவரைத் துளியூண்டு அமுக்குங்க. சின்ன ஓட்டையில இருந்து ஆயில் குட்டியா மேல பீச்சுச்சுன்னா தெறந்திருக்குன்னு அர்த்தம். மூஞ்சியைக் கிட்டக் கொண்டு போகாதீங்க.

பொள்ளாச்சி

டியூப்ல குமிழி நின்ன பொறவும் லிவர் அமுங்குச்சுன்னா எங்கன பாக்கறதுங்கண்ணா?

ஈரோடு (ஒர்க்‌ஷாப்)

முக்காவாசிப் பேர் இங்கதான் சிக்கறாங்க தம்பி. கீழ இருந்து எத்தனை ஆயில் வடிச்சாலும், காத்து மேல ஏறத்தான் பாக்கும். இருக்கறதுலயே மேடு மாஸ்டர் சிலிண்டர்ல (லிவர் அமுக்குனா ஆயிலைத் தள்ளற உருளை, டப்பாவுக்கு அடியில இருக்கும்) ஓஸ் சேர்ற பேன்ஜோ போல்ட்டு. அங்க நிக்கற குமிழி கீழ வராது. போல்ட்டைச் சுத்தித் துணி வெச்சு, லிவரை அமுக்கிப் புடிச்சு, போல்ட்டை லேசா ஒரு நூல் அளவு தளத்துங்க. ஆயிலோட நுரை கக்கும். உடனே இறுக்கிப்போட்டு லிவரை உடுங்க. ரெண்டு மூணு தரத்துல லிவர் கெட்டியாயிரும். போல்ட்டை முழுசாக் கழட்டுனா ரெண்டு பக்கத்து வாசரும் புதுசு போடணும், பழசு திரும்ப உக்காராது.

படபடன்னு லிவர் அடிக்கற பழக்கத்தை உடுங்க. பெரிய குமிழி ஒடைஞ்சு நூறு குஞ்சாகிரும், அதுங்க ஓஸ் சுவத்துல ஒட்டிக்கிட்டு வராது. மெதுவா அமுக்கி, நடுநடுவுல காலிப்பரையும் ஓஸையும் ஸ்பேனர் கைப்புடியில தட்டிக் குடுங்க. பழைய வண்டியில லிவரைக் கடைசி வரைக்கும் எறக்காதீங்க. மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரப்பர் சீல் எப்பவும் போகாத எடத்துல துரு இருக்கும், அதுல உரசி உதடு கிழிஞ்சுரும். கைப்புடிக்கும் லிவருக்கும் நடுவுல ஒரு மரத்துண்டு வெச்சுக்கங்க.

எல்லாத்தையும் கழட்டி மாட்டுன வண்டிக்கு மேல இருந்து அமுக்கிக்கிட்டே உக்காரக் கூடாது. சிரிஞ்சுல புது ஆயிலை ரொப்பி, உள்ள காத்தில்லாம பாத்து, நிப்பிள் வழியா மேல பாத்துத் தள்ளுங்க. காத்து போக நெனைக்கற தெசையிலயே போகும். டப்பாவைப் பாதி காலி பண்ணி வெச்சுக்கங்க, இல்லைன்னா பொங்கி வழியும்.

லிவரைக் கயிறு போட்டு ராத்திரி பூரா கட்டி வெக்கறதைக் கேட்டிருப்பீங்க. பொடிக் குமிழிக்கு ஓரளவு வேலை செய்யும். அதையே வைத்தியம்னு நம்பிராதீங்க.

மேட்டுப்பாளையம்

பின் டிஸ்க்குக்கு: நிப்பிள் மேல பாத்து நிக்குதான்னு மொதல்ல பாருங்க. காலிப்பர் சாஞ்ச மாதிரி இருந்தா, அதைக் கழட்டி நிப்பிள் மேல வர்ற வாக்குல புடிச்சு ஏர் எடுங்க. பேடுக்கு நடுவுல டிஸ்க் கனத்துக்கு மரத்துண்டு கட்டாயம் வேணும். வெறுமனே பெடலை மிதிச்சா பேடைத் தள்ளற பிஸ்டன் வெளிய வந்து உழுந்துரும்.

ஏபிஎஸ் வண்டிக்காரங்க (பிரேக் புடிச்சா வீல் லாக் ஆகாம பாத்துக்கற ஏற்பாடு, 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேல புதுசா விக்கற எல்லாத்துலயும் கட்டாயம்) டப்பா காயாம பாத்துக்கிட்டா சாதாரண முறையே போதும். மாடுலேட்டருக்குள்ள (ஏபிஎஸ்ஸோட வால்வு பெட்டி) காத்து போச்சுன்னா கம்ப்யூட்டர் மாட்டி உள்ள வால்வை ஓட்டித்தான் எடுக்கணும், வீட்டுல ஆகாது.

ஆனைமலை

ஏர் எடுத்தாச்சுன்னு பழைய ஆயிலையே ஓட்டறவங்க வால்பாறை ரோட்டுல எறங்கும்போது தெரிஞ்சுக்குவாங்க. இந்த ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும், 3.7 சதவீதம் தண்ணி சேந்தா அந்தக் கணக்கு 155 தான். நாப்பது கொண்டை ஊசியும் பிரேக்லயே எறங்குனா காலிப்பர் சூட்டுல அந்தத் தண்ணி ஆவியாகும். ஆவியும் காத்தாட்டமே அமுங்கும், லிவர் கைப்புடியைத் தொட்டுரும். சித்த நேரம் நிறுத்தி ஆறுனா பழையபடி வந்துரும், அதனால வண்டியில கோளாறு இல்லைன்னு நெனைச்சுக்குவாங்க. செகண்ட் கியர்ல எறங்குங்க, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஆயிலை மாத்துங்க. ஆடிச் சாரல் அடிக்கற நாள்ல மூடியைத் திறக்கவே வேண்டாம். மிச்சமான பாட்டிலை அடுத்த வருசத்துக்குன்னு எடுத்தும் வெக்காதீங்க.

திருப்பூர்

பெயிண்ட்ல சிந்துனா தொடைக்காதீங்க, தண்ணி ஊத்திக் கழுவுங்க. தொடைச்சா பரவும். டப்பா, சீல் எதையும் பெட்ரோல், டீசல்ல கழுவக் கூடாது, ரப்பர் ஊதிப்போயிரும்.

ஈரோடு (ஒர்க்‌ஷாப்)

இன்னொண்ணு, பேடு தேஞ்சா டப்பாவுல ஆயில் எறங்கறது வழக்கம்தான். அதுக்குன்னு மேல வரைக்கும் ரொப்பிப்போட்டு அப்புறம் புது பேடு போட்டா, பிஸ்டனைத் தள்ளும்போது வழிஞ்சுரும்.

மூடுறதுக்கு முன்னாடி, மூடிக்கு அடியில வர்ற டயாபிரம் ரப்பரை மடிப்பில்லாம உக்கார வைங்க. வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி லிவரைப் பலமா அமுக்கி அரை நிமிசம் புடிங்க. நிப்பிள், பேன்ஜோ ரெண்டுலயும் வெள்ளைத்தாளை ஒத்திப் பாத்தா கசிவு தெரியும். கசிவு இல்லாம லிவர் மட்டும் மெதுவா எறங்கிக்கிட்டே போச்சுன்னா அது ஏர் இல்லை, மாஸ்டர் சிலிண்டர் சீல். கிட் வாங்கி மாத்துங்க, அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க.